கந்தரோடை வீதியில் ஒரு நடை

சங்குவேலிப் பக்கமாக வரும்போது முதலில் தெரிவது பனங்கூடல்தான். அதன் ஓரத்தில் வேலி போட்ட ஒரு வளவு. வளவுக்குள்ளே சாம்பல் நிறத்தில், ஒன்றையொன்று நெருக்கியபடி, சிறுசிறு தூபிகள் நிற்கின்றன. சில என் இடுப்பளவுதான் வரும். சில தலைக்கு மேலே போகும். அநுராதபுரத்தில் மலைபோல் எழுந்து நிற்கும் தாகபைகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சின்ன உருவங்களும், ஒரே இடத்தில் இத்தனை கூடி நிற்பதும் புதிது. இலங்கையில் வேறெங்கும் இப்படியொரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை.

"ஐயா, இதிலை இறங்குங்கோ. நான் நிக்கவோ, போகவோ?" என்று கேட்டார் ஓட்டோக்காரர். போகச் சொன்னேன். கந்தரோடையில் தொடங்கிக் கிழக்கே சுன்னாகம் சந்தி வரை நடப்பதற்காகத்தான் வந்திருந்தேன். நில்லாமல் நடந்தால் அரை மணி நேரத்து வழி. நின்று நின்று நடக்க வேண்டிய வழி என்பதால் காலையிலேயே வந்துவிட்டேன்.

முருகைக்கல்லால் ஆன தூபிகள் இவை. இன்று நாம் காண்பது தொல்லியல் திணைக்களம் மீளக் கட்டியெழுப்பிய தோற்றம். மேலே வைக்க இடம் தெரியாத கற்துண்டுகள் சில தரையிலேயே கிடக்கின்றன. இந்த இடத்தின் பெருமையை உலகுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர் போல் ஈ. பீரிஸ். அரச சேவையில் இருந்த இந்த வரலாற்றாசிரியர் 1917இலும் 1919இலும் எழுதிய கட்டுரைகளில்தான் கந்தரோடை ஆய்வுலகத்துக்குள் நுழைந்தது. மண்ணுக்குள்ளிருந்து அவருக்குக் கிடைத்தவற்றை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. முத்திரை குத்திய பழைய நாணயங்கள், இலக்குமி உருவம் பொறித்த தகடுகள், உரோம நாணயங்கள், மணிகள், கண்ணுக்கு மை தீட்டும் செப்புக் கோல்கள். பிறகு 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவர்கள் வந்து குழி வெட்டிப் பார்த்தார்கள். கறுப்புச் சிவப்பு மட்கலங்களும், பிராமி எழுத்துள்ள ஓடும் கிடைத்தன. தூபிகள் எழுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இங்கே மனிதர் குடியிருந்திருக்கிறார்கள், கடல் கடந்து வணிகம் செய்திருக்கிறார்கள் என்பது அதன்பின் உறுதியாயிற்று. 1980களின் தொடக்கத்தில் குடாநாடு முழுவதும் அலைந்து ஆராய்ந்த பொன்னம்பலம் இரகுபதி, யாழ்ப்பாணத்தின் ஆதிக் குடியிருப்புகளைப் பற்றிய தம் நூலில் கந்தரோடைக்குப் பெரிய இடம் கொடுத்தார்.

கடல் இங்கிருந்து தெரியாது. பிறகு எப்படிக் கடல் வணிகம்? வழுக்கையாற்றைப் பார்த்தால் விடை ஓரளவு புரியும். ஆறில்லாத ஊர் என்று பெயரெடுத்த யாழ்ப்பாணத்துக்கு மாரியில் மட்டும் ஓடும் ஓர் ஆறு உண்டு. தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்து வெள்ளத்தைச் சேர்த்துக்கொண்டு கந்தரோடையை ஒட்டி வந்து, சங்கானை, நவாலி வழியாக அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. நான் போன நாளில் அது வெறும் புல் படர்ந்த பள்ளம். அதில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஆனால் அந்தப் பள்ளத்தின் கோட்டைக் கண்ணால் தொடர்ந்து போனால், நீரேரிக் கரையில் இறங்கிய சரக்கு எந்த வழியாக இந்த ஊருக்கு வந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமில்லை.

இந்த வளவு யாருடையது என்ற சண்டை நீண்ட நாளாக நடக்கிறது. சிங்களத்தில் கதுருகொட விகாரை என்பார்கள். பௌத்தம் என்றால் சிங்களம், சிங்களம் என்றால் எங்களுக்கு வேறு என்று ஒதுங்கிப் போகிறவர்கள் நம்மிலும் உண்டு. இரு தரப்பும் ஒரே தவறைத்தான் செய்கின்றன என்று நான் நினைக்கிறேன். மணிமேகலை பாடிய மொழியில் பேசுகிறவர்கள் பௌத்தத்தை அயலான் வீட்டுப் பொருளாகக் கருத நியாயமில்லை. காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் தமிழர் பௌத்தராக இருந்தபோது கந்தரோடையில் மட்டும் இருந்திருக்க மாட்டார்களா? இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடங்கள் நடந்து வரும் தூரத்தில் இருக்கும்போது அவர்களை இங்கே கூட்டிவந்து காட்ட வேண்டும். நான் அங்கே நின்ற நேரத்தில் வந்த ஒரே பேருந்து தெற்கிலிருந்து யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. வெள்ளை உடுத்த பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பூவோடு உள்ளே போனார்கள். அவர்களுடைய பக்தியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம்மவர் வராததுதான் உறுத்தியது.

வீதியில் ஏறி நடக்கத் தொடங்கினேன். நெற்காணி முடிந்து செம்மண் தொடங்குகிறது. கிளுவையும் பூவரசும் நட்ட வேலிகள், இடையிடையே மதில்கள், ஒழுங்கைகள் பிரியும் முனைகளில் சிறு வைரவர் கோயில்கள். வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். ஸ்கந்தவரோதயாக் கல்லூரியில் மணி அடித்துப் பிள்ளைகளின் சத்தம் மதிலைத் தாண்டி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கந்தையா உபாத்தியாயர் தொடங்கி வைத்த பள்ளிக்கூடம் அது.

யாழ்ப்பாண வைபவமாலையைப் படித்தவர்களுக்கு இந்த நிலம் இன்னொரு விதத்திலும் பழக்கமானது. ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய அந்த நூல், உக்கிரசிங்கன் என்ற அரசன் கதிரமலையில் இருந்து ஆண்டதாகச் சொல்கிறது. கீரிமலையில் நீராடிக் குதிரை முகம் நீங்கப்பெற்ற சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லியை மணந்தவன் அவன்தான். அந்தக் கதிரமலை கந்தரோடையே என்பது ஆய்வாளர் பலருடைய கருத்து. குதிரை முகத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் தலைநகர் ஒன்று இங்கே இருந்தது என்ற நினைவு, மண்ணை வெட்டிப் பார்க்க யாரும் நினைக்காத காலத்திலேயே ஏட்டில் ஏறியிருக்கிறது. சுன்னாகத்தில் உள்ள சிவன் கோயில் இன்றும் கதிரமலைச் சிவன் கோயில்தான்.

வழியில் ஒரு வீட்டுப் படலையில் தண்ணீர் கேட்டேன். செம்பைக் கொடுத்த அம்மா, "பயப்பிடாமல் குடியுங்கோ தம்பி, இது வாங்கின தண்ணி" என்றார். "கிணத்துத் தண்ணி இல்லையோ?" என்று கேட்டதற்கு, "கிணறு இருக்கு. இப்பவும் மணந்து பாத்துத்தான் வாயிலை வைக்கிறனான். அந்தப் பழக்கம் விட்டுப்போகாது" என்றார். சுன்னாகத்து அனல் மின் நிலையச் சூழலில் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்த கதையைத்தான் அவர் சொன்னார். 2015இன் தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்றம் தலையிட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் தனியார் மின் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தேங்கும் மழைநீரைத் தவிர வலிகாமத்துக்கு இயற்கையாக வேறு நன்னீர் இல்லை. கந்தரோடையில் முதல் குடியை வைத்தவர்கள் குடித்ததும் அதே நீர்தான். தூபிக்கு வேலி போட்டுக் காக்கிற அக்கறையில் பாதியாவது இந்தத் தண்ணீருக்குக் கிடைத்திருந்தால் அந்த அம்மா செம்பை மணந்து பார்க்க வேண்டி இருந்திருக்காது.

சுன்னாகம் நெருங்க நெருங்கக் கடைகள் தொடங்கிவிடுகின்றன. இரும்புச் சாமான் கடை, புடவைக்கடை, சைக்கிள் திருத்துமிடம், தங்க நகை அடைவு பிடிக்கும் இடம். எல்லாம் சீமெந்துக் கட்டடங்கள். பல புதிதாகப் பூசப்பட்டவை. ஐம்பது ஆண்டுக்கு முந்தியது என்று விரல் நீட்டிக் காட்டக்கூடிய சுவர்கள் குறைவு.

சந்திக்கு அருகே ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் சுவிற்சர்லாந்திலிருந்து ஊர் பார்க்க வந்தவர். பேர்ண் நகரத்தில் இருக்கிறார். நான் நடந்து வந்த வழியைச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அண்ணை, எங்கட இடத்திலை கிராம்காசை எண்டு ஒரு தெரு இருக்கு. வேலைக்குப் போய் வாறது அதாலைதான். ஆயிரத்து நூத்துச் சொச்சத்திலை கட்டின ஊர். ஒரு கல்லை மாத்த விடமாட்டாங்கள். யன்னலுக்குப் பூசிற வர்ணத்துக்குக்கூடக் கேக்கவேணும்" என்றார்.

அவர் சொன்ன தெருவைப் பற்றி நானும் படித்திருக்கிறேன். 1191இல் எழுந்த நகரம் அது. 1405இல் பெருந்தீயில் எரிந்தபின் மணற்கல்லில் மறுபடி கட்டப்பட்டது. வீடுகளின் கீழ்த்தளத்தில் வளைவு வளைவாக நடைபாதைகள் ஓட, மழையில் நனையாமல் பழைய நகரம் முழுவதையும் சுற்றி வரலாம். ஐன்ஸ்டைன் குடியிருந்த 49ஆம் இலக்க வீடு அந்தத் தெருவில்தான் இருக்கிறது. 1983இல் அந்தப் பழைய நகரம் முழுவதும் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. நம் பருத்தித்துறையில் வீதிக்கு மேலேயே கூரை போட்டு நிற்கும் தெருமூடிமடம், வழிப்போக்கரை நனைய விடாத அதே அக்கறையை நினைவூட்டும்.

"இஞ்சை அப்பிடி ஒண்டும் மிஞ்சேல்லையே அண்ணை" என்று அவர் சொன்னபோது நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்தச் சந்தியில் 1984 மார்ச்சில் சந்தைக்கு வந்த பொதுமக்கள் மீது விமானப்படையினர் சுட்டார்கள், உயிர்கள் போயின. 1990இல் இரயில் நின்றது; தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் இருந்த இடம் தெரியாமல் போயின. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சிக்கு நடந்தது. திரும்பி வந்தவர்கள் பலருக்கு வீட்டின் அத்திவாரம்தான் மிஞ்சியிருந்தது. ஆறு நூற்றாண்டுச் சுவரைக் காப்பாற்ற ஒரு ஊருக்கு முதலில் ஆறு நூற்றாண்டு அமைதி வேண்டும்.

ஆனால் இந்த வீதி பழையதில்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதன் பழமை ஒரு முனையில் மண்ணுக்கடியில் இருக்கிறது. மறு முனையில் தாளில் இருக்கிறது. சுவரை மட்டும் தேடுகிற கண்ணுக்கு இரண்டும் தப்பிப்போகும்.

சுன்னாகம் எழுதிக் குவித்த ஊர். ஒல்லாந்தர் ஆட்சியில், சைவக் கோயில்கள் இடிபட்டுக் கிடந்த காலத்தையொட்டி இங்கே வாழ்ந்தவர் வரத பண்டிதர். சிவராத்திரிப் புராணமும் ஏகாதசிப் புராணமும் பாடியவர். விநாயக விரத நாட்களில் குடாநாட்டுப் பிள்ளையார் கோயில்களில் இன்றைக்கும் வாசிக்கப்படும் பிள்ளையார் கதையும் அவர் செய்ததுதான். மார்கழிக் குளிரில் தோளில் சால்வையோடு இருந்து அதைக் கேட்கிற பாட்டிமார் பலருக்குப் பண்டிதரின் ஊர் தெரியாது. பாட்டு மட்டும் முந்நூறு ஆண்டாக வாயிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அடுத்து வந்தவர் அ. குமாரசுவாமிப் புலவர். 1854இல் பிறந்து 1922இல் மறைந்தவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பக்கத்து ஊரான ஏழாலையில் நிறுவிய பாடசாலையில் படிப்பித்தார். பின்னர் வண்ணார்பண்ணையில் நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலைக்குப் போனார். வடமொழியிலிருந்து இதோபதேசத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை நூலாக்கினார். அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவர் புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர்.

இந்தக் கணேசையரைப் பற்றிச் சற்று நின்று பேசத்தான் வேண்டும். தொல்காப்பியத்துக்கும் அதன் பழைய உரைகளுக்கும் வாழ்நாள் முழுவதும் குறிப்பு எழுதிக்கொண்டே இருந்தவர் அவர். ஏடுகளை ஒப்பிட்டு, பிழைபட்ட பாடங்களைத் திருத்தி, உரையாசிரியர் வார்த்தை விளங்காத இடங்களில் விளக்கம் எழுதிவைத்தார். இது எந்தப் பல்கலைக்கழகத்தின் சம்பளத்திலும் நடந்த வேலை இல்லை. எழுதியதை அச்சில் கொண்டுவர ஒருவர் வேண்டுமே? குரும்பசிட்டி நா. பொன்னையா இந்தச் சுன்னாகத்தில் இருந்தார். பர்மாவுக்குப் போய் உழைத்துத் திரும்பியவர். இங்கே புத்தகசாலை வைத்து, திருமகள் அழுத்தகத்தை நடத்தினார். அந்த அச்சகத்திலிருந்து 1937இல் எழுத்ததிகாரம் வந்தது. அடுத்த ஆண்டு சேனாவரையர் உரையோடு சொல்லதிகாரம். 1943இல், போர்க்காலத்தில், தாளுக்குத் தட்டுப்பாடான நேரத்தில், பேராசிரியர் உரையோடு பொருளதிகாரத்தின் பின்பகுதி. 1948இல் நச்சினார்க்கினியர் உரையோடு முன்பகுதி. தமிழகத்துப் புலவர்கள் கையில் வைத்துப் படித்த தொல்காப்பியப் பதிப்பின் முகப்பில் சுன்னாகம் என்ற ஊர்ப் பெயர் இருந்தது. வெங்காயமும் வாழைக்குலையும் விற்கிற ஒரு சந்தையூர் இதைச் செய்தது. எழுத்துக் கோத்தவர்கள், மெய்ப்பு பார்த்தவர்கள், மையில் தோய்ந்த கையோடு தாள் மடித்தவர்கள் எல்லாரும் சுற்றுவட்டாரத்து ஆட்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

அதே அச்சகத்திலிருந்துதான் 1930 முதல் 1958 வரை ஈழகேசரி வந்தது. இலங்கையர்கோன், சி. வைத்தியலிங்கம், சம்பந்தன் போன்றவர்களின் சிறுகதைகளை வாசகரிடம் கொண்டுசேர்த்த வார இதழ் அது. சோ. சிவபாதசுந்தரம் சில காலம் ஆசிரியராக இருந்தார். ஈழத்துச் சிறுகதையின் தொடக்கத்தைப் பற்றி யார் எழுதினாலும் இந்தச் சந்திக்கு வந்து போகாமல் முடியாது.

சுவிஸ்காரர் இவ்வளவையும் கேட்டுவிட்டு, "நான் இந்த ஊரிலை பிறந்து வளந்தனான். ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லை" என்றார். தேத்தண்ணிக்குக் காசு கொடுக்க என்னை விடவில்லை.

சந்தைக்குள் போனபோது வியாபாரம் இறங்குமுகமாக இருந்தது. கத்தரிக்காய், முருங்கைக்காய், சின்ன வெங்காயம், கதலிக் குலைகள். ஒரு மூலையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தின் மணம். பனங்கட்டிக் குட்டானும் ஒடியலும் பரப்பி வைத்திருந்த வயதான அம்மா, "எங்கையிருந்து வாறாய் மேனை?" என்று விசாரித்தார். கந்தரோடையிலிருந்து நடந்து வருகிறேன் என்றதும், "இந்த வெய்யிலுக்கையோ? ஓட்டோ இல்லையோ?" என்று கவலைப்பட்டு, ஒரு குட்டானை உடைத்துக் கையில் வைத்தார். உரோம நாணயம் வந்து போன வழியின் முடிவில் இப்போதும் சந்தை கூடுகிறது என்பதை எண்ணியபடி அதைத் தின்றேன்.

சந்தையில் கேட்ட பேச்சு எல்லாம் இனிப்பில்லை. வாழைக்குலை கொண்டுவந்த ஒரு கமக்காரர், "பத்துக் கிலோ நிறுத்தா ஒன்பதுக்குத்தான் காசு, ஐயா. ஒண்டு கழிவு. அப்பா காலத்திலையும் அதுதான்" என்றார். குடாநாட்டுச் சந்தைகளில் பத்துக்கு ஒன்று கழிக்கும் இந்த வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் பல காலமாகக் குரல் கொடுத்து வருகிறார்கள். காய் கனிந்து சேதமாகும் என்பது வியாபாரிகள் சொல்லும் காரணம். தராசு மின்னணுவாக மாறிய பின்னும் இந்தக் கணக்கு மாறாமல் இருப்பது அநியாயம். பழமை என்பதற்காக எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியதில்லை.

காங்கேசன்துறை வீதியைக் கடந்து அந்தப் பக்கம் நின்றேன். தெற்கே சிறிது தூரத்தில் மருதனார்மடம்; சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் பெண்களுக்காகத் தொடங்கிய கல்லூரி அங்கே இருக்கிறது. உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் 1824இல் தொடங்கிய பெண்கள் பாடசாலை அதைவிடப் பழையது. அவற்றுக்கு இன்னொரு நாள் போகலாம். எனக்கு அச்சகம் இருந்த இடத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதைச் சொல்லும் கல்லோ பலகையோ என் கண்ணில் படவில்லை. பிரதேச சபை மனம் வைத்தால் ஒரு வாரத்தில் வைத்துவிடலாம். கந்தரோடையில் தொடங்கிச் சந்தி வரை நாலைந்து கற்கள் போதும். தூபிகள், வழுக்கையாறு, வரத பண்டிதர், குமாரசுவாமிப் புலவர், திருமகள் அழுத்தகம். பிள்ளைகள் சைக்கிளில் வந்து ஒரு பின்னேரத்துக்குள் வாசித்து முடித்துவிடுவார்கள்.

ஒரு கொப்பி, பேனைக் கடையின் வாசலில் கதிரை போட்டு இருந்த முதியவரிடம் விசாரித்தேன். "பொன்னையாவின்ரை பிறெஸ்ஸோ?" என்றவர் எழுந்து வந்து, வீதியைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினார். தன் தகப்பன் ஈழகேசரிக்குக் காத்திருந்து வாங்குவார் என்றும், வாசித்து முடித்த இதழ் நாலு வீடு சுற்றித்தான் திரும்பி வரும் என்றும் சொன்னார். இடப்பெயர்வில் வீட்டிலிருந்த கட்டு முழுவதும் போயிற்றாம்.

பழைய இதழ்கள் பல நூலகம் இணையத்தளத்தில் இருக்கின்றன என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. கைத்தொலைபேசியில் திறந்து காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டார். இருவரும் தலையை ஒட்ட வைத்துத் தலையங்கத்தை விட்டுவிட்டு விளம்பரங்களைத்தான் முதலில் வாசித்தார்கள். தெரிந்த கடைப் பெயர் ஏதும் வருமோ என்று. வண்டி பிடிக்க நேரமாகிறது என்று நான் சொன்னது அவர்கள் காதில் விழவில்லை.

"நில் தம்பி, அடுத்த வண்டியும் வரும். இதைக் கொஞ்சம் தள்ளிவிடு. நான் பிறந்தது முப்பத்தெட்டாம் ஆண்டு. அந்த வருசத்துப் பேப்பர் கிடக்கோ பாப்பம்."